இறக்கத்தில் ஓட்டத் தெரிந்தவள்

“இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு வேலாயி. வெரலு விரியுது பாரு” என்றாள் கூடக் கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணு.

வேலாயி துணிக்கிழிசலை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கட்டிய பிறகும் செத்துக் கிடந்த புருஷன் தங்கையாவின் வலது பெருவிரல் மட்டும் அடங்காமல் மேலே நின்றது. எஸ்டேட் லோரியின் பிரேக்கை மிதித்து மிதித்தே அந்த விரல் அப்படி வளைந்துபோனது என்று அவர் சொல்லுவார். “அப்பிடின்னா ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லி சம்பளத்த அந்த வெரலுக்குக் குடுக்கச் சொல்லுங்க” என்று அவள் பதில் சொல்லுவாள். இனி அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச ஆளில்லை.

வாசலில் தப்பு அடிக்க வந்தவன் பனிக்குத் தொய்ந்த தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். தேயிலைப் பெட்டிப் பலகையால் தச்சன் செய்த சவப்பெட்டி, மூடி இல்லாமல் இரண்டு முக்காலிகளின் மேல் இருந்தது. அதற்கு அப்பால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துச் சரிவில், அவர் முப்பது வருஷமாக ஓட்டிய லோரி மூக்கைப் பள்ளத்தின் பக்கம் வைத்து நின்றது. முன் சக்கரத்துக்கு அடியில் அவருடைய டயர் கட்டை. எண்ணெய் ஊறிக் கறுத்த மரத்துண்டு. வெளியில் போட்டால் பக்கத்து ஊர் கோலா தெர்லா காய்கறி லோரிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தினமும் சாயங்காலம் லோரியை எஸ்டேட் கொட்டகையில் விட்டதும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போடுவார். வீடெல்லாம் கிரீஸ் நாற்றம். “பொண்டாட்டிக்கு ஒரு பாய், கட்டைக்கு ஒரு பாயா?” என்று எத்தனை சண்டை.

“மக வந்துட்டாளா மதனி?” என்று வெளியிலிருந்து இருளப்பன் கேட்டான். தங்கையாவின் தம்பி, கோயில் கமிட்டித் தலைவன்.

“தாப்பாவுல இருந்து பஸ் ஏறிட்டாளாம். தானா ராத்தா டவுனுல பஷீர் பாய் வேனோட நிப்பாரு.”

“வரட்டும். வந்ததும் பேசிக்கலாம்.”

பேசிக்கலாம் என்று அவன் சொன்னது எதை என்று வேலாயிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் தலையைத் தூக்கவில்லை.

போன வாரம் தானா ராத்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளேதான் அவனிடம் அழுதாள். “நீயாச்சும் சொல்லி அவள நிப்பாட்டு தம்பி. சாமிய மாத்துனா, சரின்னு விட்டேன். ஆம்பளையாட்டம் மிஷினுக்கு அடியில படுத்தா, அதையும் விட்டேன். இப்ப ஆகாசத்துலயே போறாளாம். இந்த மனுஷனும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?” இருளப்பன் தலையாட்டினான். “நான் பாத்துக்குறேன் மதனி.”

அன்று மாலைதான் தங்கையா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “பாப்பா எறக்கம் கத்துக்கிட்டாளா?”

“வருவா, அவகிட்டயே கேளுங்க.”

“ஏத்தத்துல மிஷினு ஓட்டும் வேலாயி. எறக்கத்துலதான் டிரைவரு ஓட்டணும். கேட்டு வையி.”

அதன் பிறகு அவர் பேசவில்லை. நேற்று மத்தியானம் போய்விட்டார். இதை மகள் ரத்தினத்திடம் சொல்லவே கூடாது என்று வேலாயி ஆஸ்பத்திரி வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். சொன்னால் அவள் நிற்க மாட்டாள். அப்பாவே அனுப்பினார் என்று பறந்துவிடுவாள்.

பஷீர் பாயின் வேன் லயத்துக்குள் திரும்பியதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். தானா ராத்தாவில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் பஷீர், தங்கையாவுக்குத் தினமும் முதல் தேநீர் ஆற்றிக் கொடுத்தவர். அவர் கதவைத் திறந்துவிட, நாகரத்தினம் இறங்கினாள். கால்சட்டை, முழுக்கைச் சட்டை, கட்டையாக வெட்டிய முடி. கழுத்தில் சின்ன வெள்ளிச் சிலுவை. சரவாக்கிலிருந்து விமானத்தில், பிறகு பஸ்ஸில், மறுபடியும் பஸ்ஸில் வந்த முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

“அய்யோ, ஆம்பளப் புள்ள மாதிரியே வந்து நிக்கிறாளே!” என்று ஒரு கிழவி ஒப்பாரிக்கு நடுவில் ராகம் மாறாமல் சொன்னாள்.

ரத்தினம் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். வளைந்த பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். வேலாயி எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிப்பிடிக்கக் கை எழவில்லை.

“சாப்ட்டியா?” என்றாள் கடைசியில்.

“வேணாம்மா.”

“எப்ப போகணும்?”

“அம்மா... இப்பதானம்மா வந்துருக்கேன்.”

“கேக்குறேன். எப்ப போகணும்?”

ரத்தினம் அப்பாவின் விரல் கட்டைச் சரிசெய்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. தேறினால் கிறிஸ்தவ மிஷன் விமானத்தைத் தனியாக ஓட்டலாம். அது வேலாயிக்கும் தெரிந்ததுதான். தங்கையா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எல்லாம் அந்த மழையில் தொடங்கியது. ரத்தினத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. இருளப்பன் பெண்சாதி மணியம்மாவுக்குப் பிரசவ வலி. லோரியில் போட்டுத் தங்கையா ஓட்டினார். பின்னால் வேலாயியும், தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரத்தினமும். பாதி வழியில் மலை சரிந்து ரோட்டை மூடிக் கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மணியம்மா அந்த லோரியிலேயே உயிரை விட்டாள், பிள்ளையும் வெளியே வராமலே. “ரோடு இல்லாத ஊர்ல இருக்குறவங்க என்னாம்மா செய்வாங்க?” என்று பிறகு பல நாள் ரத்தினம் கேட்டுக்கொண்டிருந்தாள். “செத்துப் போவாங்க” என்று வேலாயி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

ஈப்போவில் படிக்கப் போய் மிஷன் விடுதியில் தங்கியபோது அந்தக் கேள்விக்கு யாரோ வேறு பதில் சொல்லிவிட்டார்கள். சரவாக் மலைக்காட்டில் ரோடே கிடையாதாம். சின்ன விமானத்தில் மருந்து கொண்டுபோய் இறக்கி, நோயாளியைத் தூக்கி வருகிறவர் ஒருவர் விடுதிக்கு வந்து பேசினாராம். பள்ளிக்கூடம் முடிந்ததும் ரத்தினம் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். “ஏசு கூப்புட்டாருப்பா. நான் அந்த ஆகாசக் கப்பல் ஓட்டப் போறேன்” என்றாள்.

தங்கையா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவள் ஆபீஸ் போனில் கூப்பிட்டபோது, கிராணி முன்னாலேயே கேட்டார்: “அந்த ஏரோப்பிளானுக்கு கியர் உண்டா?”

அதோடு அப்பாவும் மகளும் ஒன்றாகிவிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் ஓட்ட விடவே மாட்டார்களாம், இஞ்சினைக் கழற்றி மாட்டத்தான் வேண்டும். “நட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு நானும் ஸ்டியரிங்கத் தர மாட்டேன். சரியான எடந்தான்” என்றார் தங்கையா. ஏறுகிற ஆளை எல்லாம் எடை போட்டுத்தான் ஏற்றுவார்களாம், கைக்குழந்தையைக்கூட. “நம்ம கொழுந்து நிறுக்குற மாதிரிடி!” மலைச்சரிவில் வெட்டிய சின்னப் புல்தரையில் இறக்குவதுதான் கஷ்டம், அதைக் கடைசியில்தான் கற்றுத் தருவார்கள் என்று அவள் சொன்ன நாளில் அவர் இரவுச் சோறு சாப்பிடும்போதுகூட முன்னால் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. வேலாயிக்கும் வெள்ளைக் கோடிச் சேலை போர்த்தினார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. இனித் தூக்க வேண்டியதுதான். ஆனால் ஆண்கள் யாரும் முன்னால் வரவில்லை. லயத்து ஓரமாகச் சாய்ந்து நின்றார்கள். தப்பும் நின்றுவிட்டது.

இருளப்பன் பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றான்.

“ரத்தினம், இங்க வா. கோயில் கமிட்டி பேசி வச்சிருக்கோம். நீ கழுத்துல கெடக்குறதக் கழட்டு. நெத்தியில திருநீறு பூசு. இனிமே அந்தக் கப்பல் வேலைக்குப் போகமாட்டேன்னு அப்பன் நெஞ்சுல கைய வச்சு சத்தியம் பண்ணு. பெட்டியத் தூக்குறோம். இல்லாட்டி ஒரு ஆம்பளையும் தோளு குடுக்க மாட்டான். டிரைவரு காளியண்ணனும் லோரி எடுக்க மாட்டான்.”

“என்னா இருளப்பா” என்றார் பஷீர். “மவுத்தான வீட்டுல வந்தா ஸ்ட்ரைக் பண்ணுவீங்க?”

“பாய், இது எங்க சாதிசனத்து வெவகாரம். நீங்க தள்ளி இருங்க.”

“தங்கையா எங்கிட்ட தேத்தண்ணி குடிச்சப்ப இந்தச் சட்டமெல்லாம் இல்லியே.”

ரத்தினம் எழுந்து நின்றாள். “சித்தப்பா, அப்பாவ வச்சுக்கிட்டு இது வேணாம். முடிஞ்சதும் பேசுவோம்.”

“முடிஞ்சதும் நீ பறந்துருவ. நானா கேக்குறேன்? உன் ஆத்தாளக் கேளு. அவங்கதான் உன்னைய நிப்பாட்டச் சொன்னாங்க.”

ரத்தினம் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“நீயாம்மா சொன்ன?”

வேலாயி இல்லை என்று சொல்லியிருக்கலாம். “சொன்னேன்” என்றாள்.

ரத்தினம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“சிலுவையக் கழட்ட மாட்டேன் சித்தப்பா. என் சாமிய விட முடியாது. உங்க சாமிய நான் ஏசுனதும் கிடையாது.” பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பறக்குறத வேணும்னா விட்டுர்றேன். அம்மாவுக்காக விட்டுர்றேன். அப்பாவ இப்புடிப் போட்டு வைக்காதீங்க. தூக்குங்க.”

கையை நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

வேலாயி கேட்டதெல்லாம் இதைத்தான். மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி வைத்துக் கேட்டதும் இதைத்தான். அந்தக் கை இன்னும் ஒரு சாண் இறங்கினால் போதும், மகள் வீட்டில் இருப்பாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ரேகைகளில் கறுப்பு ஏறியிருந்தது, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. கட்டைவிரல் நகம் நசுங்கிப் பாதியாக முளைத்திருந்தது. விரல் கணுவில் இஞ்சின் சுட்ட தழும்பு. பெட்டிக்குள் மார்பின் மேல் கட்டி வைத்த கையும் அதேதான். வேலாயி அதை எத்தனை நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள்! பெரிய கையின் மேல் சின்னக் கை இறங்கிக்கொண்டிருந்தது.

“கைய எடுடி!”

தப்புக்குத் தீ காட்டிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டான்.

“அம்மா...”

“எடுன்னா எடு. அவரு மேல வச்சா சத்தியம் பண்ணுவ? உசிரோட இருந்தப்ப யாரையாவது அந்த மனுஷன் கட்டிப் போட்டாரா? செத்த பொறவு அவர வச்சி உன்னையக் கட்டிப் போடுறதுக்கு இவங்க யாரு? நான் யாரு?”

“மதனி, நீங்கதான கேட்டீங்க—”

“கேட்டேன் தம்பி. எனக்குப் புத்தி கெட்டுப் போயி கேட்டேன். இப்ப வேணாங்குறேன்.”

“வேணாம்னா யாரு தூக்குவா? நீங்களா தூக்குவீங்க?”

வேலாயி கோடிச் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். பதில் சொன்னது அம்மாக்கண்ணுதான்.

“ஏன், எங்களுக்குத் தோளு இல்லியா? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மேட்டுல கொழுந்துக் கூடைய சொமக்குறோம். அப்ப மட்டும் எந்த ஆம்பளடா வந்து தோளு குடுத்தான்? ஏய், எந்திரிங்கடி!”

“பொம்பளைங்க பொணம் தூக்குறதா? அடுக்குமா இது?” என்றது ஓரத்திலிருந்து ஒரு குரல்.

“அடுக்காதுன்னா நீ வந்து தூக்கு. இல்ல, வாய மூடிக்கிட்டு நில்லு.”

நாலைந்து பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே எழுந்தாள், ஒருத்தி புருஷனை முறைத்துக்கொண்டே எழுந்தாள். பஷீர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கால்மாட்டுக்குப் போனார். “எனக்கு உங்க கமிட்டிச் சட்டமும் கிடையாது, எஸ்டேட் சட்டமும் கிடையாது. தூக்குங்கம்மா. பிஸ்மில்லா.” ரத்தினமும் வேலாயியும் தலைமாட்டைப் பிடித்தார்கள். பெட்டி எழுந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, நேரானது. குலவையா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தத்தோடு பெண்கள் அதை லோரியில் ஏற்றி, தாங்களும் ஏறிக்கொண்டார்கள்.

காளியண்ணன் லோரிக்குப் பக்கத்தில் நின்று பீடியைக் கசக்கிக்கொண்டிருந்தான். தங்கையாவிடம் தொழில் பழகியவன்.

“சாவி எங்கண்ணே?” என்றாள் ரத்தினம்.

“நான் தர மாட்டேன் தங்கச்சி. கமிட்டிக்கு வாக்குக் குடுத்துட்டேன்.” மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சாவி வண்டியிலேயே தொங்குது. நான் குடுக்கல. யாரு கேட்டாலும் நான் குடுக்கலன்னுதான் சொல்லுவேன்.” கொஞ்சம் விட்டு, “ரெண்டாவது கியர் சரியா விழாம கடிக்கும். பாத்துப் போடு” என்றான்.

“தெரியும்ணே. அப்பா சொல்லிருக்காரு.”

சரவாக்கில் மிஷன் லோரியை அவள்தான் ஓட்டுகிறாள். அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைத் திடலில், வேலாயி கத்தக் கத்தத் தங்கையா இதே லோரியில் அவளை ஏற்றி வைத்துச் சொல்லிக்கொடுத்தது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். டிரைவரை நிறுத்திவிட்டால் பிணம் நகராது என்று கமிட்டி கணக்குப் போட்டபோது, அந்தக் கணக்கில் ஒரு பெண்ணைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தினம் உடனே ஏறவில்லை. லோரியைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தாள். தங்கையா ஒவ்வொரு காலையிலும் செய்ததுதான். பிறகு கதவில் கையை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. அவர் அந்த இடத்தில் ‘முருகா’ என்பார்.

இஞ்சின் உறுமியது.

“அம்மா, கட்டைய எடு!”

வேலாயி முன் சக்கரத்துக்குப் போனபோது இருளப்பன் அங்கே நின்றிருந்தான். அவனுடைய வலது கால் டயர் கட்டையின் மேல் இருந்தது.

“பொம்பளைங்க இந்த முச்சந்தியத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனது கெடையாது மதனி. அண்ணன் பேரு கெட்டுப்போகும்.”

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்ணில் கையை ஊன்றி, கட்டையைப் பிடித்தாள். அவனுடைய பாதம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. மேலே, லோரியின் பக்கப் பலகையில் பெண்களின் கைகள் வரிசையாகத் தொங்கின. அதே பலகை. அந்த மழையில் அவன் பெண்சாதி மணியம்மாவின் கை அங்கேதான் தொங்கியது. வேலாயி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நிமிர்ந்து இருளப்பனைப் பார்த்தாள். அவனும் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கால எடு தம்பி” என்றாள்.

இஞ்சின் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் காலை எடுத்தான். எடுத்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் இரண்டடி பின்னால் போனான்.

“எடுத்தாச்சாம்மா?”

“எடுத்தாச்சு. நீ வண்டிய எடு.”

கட்டையைப் போட்டுவிட்டு ஏற வேலாயிக்கு மனமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன்சீட்டில், மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். லோரி மெல்ல முச்சந்தியைத் தாண்டியது. பின்னால் யாரோ தப்பை ஒரு தட்டுத் தட்டினார்கள். நின்று, மறுபடியும் தட்டினார்கள். கண்ணாடியில், ஆண்கள் ஒவ்வொருவராக நடக்கத் தொடங்குவது தெரிந்தது. இருளப்பன் அவர்களில் இருந்தானா என்று அவள் தேடவில்லை.

ரோடு தேயிலைக்கு நடுவே கீழே வளைந்து வளைந்து இறங்கியது. முதல் வளைவில் வேலாயியின் கால், இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது.

“பயப்படாதம்மா.”

“யாரு பயந்தா?”

இன்னொரு வளைவு போனது. பின்னால் அம்மாக்கண்ணு ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள், மேடு பள்ளத்தில் அது விட்டு விட்டு வந்தது.

“உங்கப்பா ஆஸ்பத்திரியில ஒன்னு கேட்டாரு” என்றாள் வேலாயி. “உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.”

ரத்தினம் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எறக்கம் கத்துக்கிட்டாளான்னு கேட்டாரு.”

அடுத்த வளைவுக்கு வெகு முன்பே ரத்தினம் கியரைக் குறைத்தாள். இரண்டாவது கியர் கடிக்கவில்லை. பாரத்தை இஞ்சினே பிடித்துக்கொள்ள, லோரி ஆள் நடக்கிற வேகத்தில், பின்னால் இருக்கும் பெட்டி ஒரு விரற்கடைகூட நகராமல் இறங்கியது.

வேலாயியின் மடியில் கட்டையிலிருந்து பழைய எண்ணெய் கசிந்து, கோடிச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கட்டையைக் கீழே வைக்கவில்லை.